மிஸ்ஸி தூங்குறாங்க

தாதி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கடமை நேரத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் தூங்கியிருக்கிறேன். அந்த ஒரு தூக்கத்துக்கு மேலிடம் என்னிடம் விளக்கம் கேட்டது. அதே தூக்கத்துக்குச் சிறந்த தலைமைத்துவம் என்று சான்றிதழும் கொடுத்தது. இரண்டும் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், வந்து சேர்ந்தன. எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் தேநீர் ஊற்றிக் குடித்தேன்.

ஹல்துமுல்லைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில், மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அப்போது நான் பொறுப்புத் தாதி. எங்களிடம் ஒரு வார்டு, ஒரு அம்புலன்ஸ், ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்தன. மூன்றில் ஏதாவது ஒன்று எப்போதும் வேலை செய்யாது. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் என்னை மிஸ்ஸி என்பார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து, தலை நரைத்த பிறகும் மிஸ்ஸிதான். குவாட்டர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருந்ததால், காய்ச்சலோ பிரசவமோ சண்டையில் உடைந்த மண்டையோ, முதலில் தட்டுவது என் கதவைத்தான். அடுப்பில் சோறு பொங்கும்போதும் தட்டுவார்கள், தலைக்குக் குளிக்கும்போதும் தட்டுவார்கள். குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

தலைமைத்துவம் எனக்குள் புகுந்தது பதுளையில். ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். பலூன் ஊதச் சொன்னார்கள், ஊதினோம். காலில் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், கூட வேலை செய்பவர் பிடித்துக்கொள்வார், அதுதான் நம்பிக்கை என்றார்கள். நான் நம்பி விழுந்தேன். என்னைப் பிடிக்க வேண்டியவர் ரோல்ஸ் முடிந்துவிடும் என்ற பயத்தில் தேநீர் மேசைக்குப் போயிருந்தார். வலது தோள் அன்றைக்குப் போனதுதான். அதற்குப் பிறகு அந்தக் கை தோள் மட்டத்துக்கு மேலே ஏறவில்லை.

பயிற்சி கொடுத்தவர் கொழும்புக்காரர். மேடைப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். "தலைவர் சொல்லக் கூடாது, செய்ய வேண்டும். நீங்கள் செய்வதை மற்றவர்கள் தாமாகவே செய்வார்கள்" என்றார். தோளைத் தேய்த்துக்கொண்டே, வாயில் வந்ததைப் பேசுகிறார் மனிதர் என்று நினைத்தேன். அவர் சொன்னது பலித்தது. ஆனால் அவரே நினைத்துப் பார்க்காத விதத்தில் பலித்தது.

பயிற்சி முடிந்த சூட்டோடு ஆய்வு வந்தது. கொழும்பிலிருந்து ஒரு இளம் டாக்டர், சிங்களவர். நல்ல தமிழ் படித்திருந்தார். யாரோடு பேசினாலும் "தயவுசெய்து" என்று தொடங்குவார். ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக் கிடக்கும் நாயிடமும் தயவுசெய்து வழி விடச் சொன்னார், அதுவும் விட்டது. அவருடைய திட்டம் இதுதான். தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்தில் ஸ்டோர் என்று சொல்வார்கள், இராவேலை செய்பவர்கள் பகலில்தான் தூங்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர்களுக்குக் கொஞ்சம் உடற்பயிற்சி கொடுத்தால் பகல் தூக்கம் நன்றாக வருமா? அந்த உடற்பயிற்சியை ஒரு சுகாதாரத் தலைவர் முன்னால் நின்று செய்து காட்டினால் இன்னும் நன்றாக வருமா? உடற்பயிற்சி, தூக்கம், தலைமைத்துவம் மூன்றும் ஒரே சட்டியில்.

"தலைவர் யாரு டாக்டர்?" என்று கேட்டேன்.

"தயவுசெய்து நீங்கள்தான்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லாததற்கு ட்ரையர்காரர் காரணம். ஸ்டோரில் கொழுந்து காயும் ட்ரையர் முன்னால் நின்று நெருப்பையும் தூளையும் பார்த்துக்கொள்ளும் மனிதர். நாற்பது தாண்டியிருக்கும். வடிகால் கானில் விழுந்து முழங்கால் கெட்டுப்போனதால் மலை வேலைக்கு உதவமாட்டார், ஸ்டோரை விட்டால் அவருக்கு வேறு வேலை கிடையாது. அதற்கு முந்தைய கிழமை நின்றபடியே தூங்கிவிட்டார். ஒரு ஈடு தூள் கருகிப்போய், ஸ்டோர் முழுக்கப் புகை.

"எனக்குப் பகல்ல தூக்கமே வர்றதில்ல மிஸ்ஸி. ராவுல அந்த நெருப்பு முன்னாடி நின்னா மட்டும் கண்ண சொக்குது" என்றார். "தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு. பகல்ல ஒழுங்கா தூங்குவேன்னு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வா, இல்லாட்டி வேலைய விட்டுட்டுப் போன்னு."

"தூங்கிக் காட்டணுமா?"

"ஆமாங்க. தூங்கிக் காட்டணும்."

வேலை போனால் கொழும்பில் ஏதாவது கடைக்கு மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான் என்றாள் அவருடைய மனைவி. கொழுந்துக் கூடையோடு வந்து மருந்து வரிசையில் நின்றவள். நல்ல வாய்க்காரி, ஆனால் அன்று மெதுவாகப் பேசினாள். "வேலைகூட பெறகு பார்த்துக்கலாம் மிஸ்ஸி. தூக்கத்துல அந்த வாய்க்குள்ள கைய வுட்டுட்டாருன்னா?" என்றாள். அந்த ட்ரையரை நான் பார்த்திருக்கிறேன். அதன் வாயில் வெந்த ஒரு கைக்கு ஒருமுறை கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால்தான் தலைவரானேன்.

அவரையும் சேர்த்து ஐந்து பேர். ஸ்டோர் வாசலில், குளிர் விறைக்கும் விடியற்காலையில், வெள்ளைச் சீருடையும் வெள்ளைச் சப்பாத்துமாக நான் முன்னால் நின்றேன். பக்கத்திலேயே பெரட்டுக் களம், கொழுந்து எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் வேலைக்குப் பேர் கொடுக்க வந்து கூடும் இடம். நான் கையை உயர்த்தினேன். பெரட்டு நின்றுபோனது. நான் குதித்தேன். கங்காணி பேர் கூப்பிடுவதை மறந்துவிட்டார்.

"மிஸ்ஸிக்கு என்னாச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மேலுக்கு முடியலையாம். டாக்டர் ஆடச் சொல்லியிருக்காரு" என்று இன்னொருத்தி விளக்கம் கொடுத்தாள்.

ஐந்து பேரும் பின்னால் ஒழுங்காகத்தான் செய்தார்கள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கொஞ்சம் கழித்து அவருக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து பேரும் இடது கையை வானத்துக்கு உயர்த்துகிறார்கள், வலது கையைத் தோள் மட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டார். ட்ரையர்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு, "மிஸ்ஸி அவ்வளவுதானுங்களே தூக்குறாங்க. அவங்களவிட ஒசத்துனா மரியாதையா இருக்காதுங்க" என்றார். என் தோள் சுளுக்கு ஆள் ஆளாகப் பரவி ஐந்து பேருக்கு வந்துவிட்டது. டாக்டர் அதையும் குறித்துக்கொண்டு, தலைமைத்துவம் மிகவும் பலமாக இருக்கிறது என்றார்.

உடற்பயிற்சி முடிந்ததும் ஐவரையும் அம்புலன்ஸில் ஏற்றி வார்டுக்குக் கொண்டுபோய், அமைதியான இடத்தில் படுக்க வைத்து, தலையில் வயர் ஒட்டித் தூக்கத்தை அளப்பது திட்டம். காகிதத்தில் நல்ல திட்டம்தான். ஆனால் பெரட்டுக் களம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஸ்டோரிலிருந்து ஐந்து ஆண்களை அம்புலன்ஸில் ஏற்றினால் தோட்டம் என்ன நினைக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள், இதற்கு மன்னிக்க மாட்டார்கள். பத்து மணி வாக்கில் சனங்கள் வந்து சேர்ந்தார்கள். பாண் ரொட்டி, ஆரஞ்சுத் தோடம்பழம், இளநீர், பால் மா டின், ஃபிளாஸ்கில் தேநீர், கோயில் விபூதி. கொஸ்லந்தையிலிருந்து பஸ் பிடித்து ட்ரையர்காரரின் சித்தி ஒருவர் வந்தார். தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பி, "எப்படி இருக்கு? தூங்க முடியுதா?" என்று கேட்டார்கள். தலையில் வயரைப் பார்த்ததும் சித்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். ஒரு சித்தி அழுதால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? வார்டே அழுதது. ட்ரையர்காரர் எழுந்து உட்கார்ந்து, வயரோடு, எல்லோரையும் தேற்றிக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் இல்ல சித்தி. தூங்கத்தான் வந்திருக்கேன்."

"வீட்ல தூங்க முடியாத அளவுக்கு என்னப்பா வியாதி?"

மறுநாள் நான் வார்டுக் கதவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் போட்டு ஒருவரையும் உள்ளே விடவில்லை. என் வாய்க்குத் தோட்டம் பயப்படும். உள்ளே மயான அமைதி. அரை மணிக்கொரு தரம் எழுந்து போய், வயர் கழன்றிருக்கிறதா, போர்வை விலகியிருக்கிறதா என்று மெதுவாகப் பார்த்துவிட்டு வந்தேன். அருமையாகத் தூங்குகிறார்கள் என்று நம்பினேன்.

மாலையில் டாக்டர் மடிக்கணினியில் படத்தைக் காட்டினார். தூக்கம் ஆழமாகப் போனால் கோடு கீழே இறங்கும், விழித்தால் மேலே ஏறும். ஐந்து பேரின் கோடும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறியது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் நேரம் போட்டிருந்தது.

"தயவுசெய்து கோபிக்காதீர்கள்" என்றார் டாக்டர். "இந்த நேரங்களில் எல்லாம் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்."

கோபித்தேன். அடுத்த நாள் பூனை மாதிரி போனேன். ஐந்து பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போகும்போதே ட்ரையர்காரர் நீட்டியிருந்த காலை மடக்கினார். பிறகு எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்காமலேயே, "வாங்க மிஸ்ஸி" என்றார். அடுத்தடுத்த கட்டில்களிலும் கால்கள் மடங்கின.

"நீங்க நிக்கிறப்ப நாங்க எப்படி மிஸ்ஸி கால நீட்டிப் படுக்குறது?" என்றார் ஒருவர்.

ஆக, நான் உள்ளே போனால் தூங்க மாட்டார்கள். நான் அந்த இடத்திலேயே இல்லாவிட்டால் சித்தி உள்ளே போய்விடுவார். வாசலில் உட்கார்ந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க என் புத்தி விடாது. டாக்டர் வேறு ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, தூக்கம் கெடுவதற்கான முதல் காரணம் தலைமைத்துவம், இரண்டாவது காரணம் தோடம்பழம் என்று சொன்னார். பயிற்சியில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை.

இதற்கிடையில் ட்ரையர்காரருக்கு முன்னைவிட மோசமானது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அரைகுறையாகவாவது தூங்கிக்கொண்டிருந்த மனிதரை ஆய்வுக்குக் கூட்டிவந்து அதையும் கெடுத்துவிட்டோம். கண் சிவந்து, பேச்சு குழறியது. துரை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தார். இந்தக் கிழமையோடு முடிவு தெரிய வேண்டும், ட்ரையருக்கு வேறு ஆள் பார்த்திருக்கிறேன் என்றார். இராவேலைக்கு அவர் புறப்படும்போதெல்லாம் மனைவி கூடவே ஸ்டோர் வாசல் வரைக்கும் போவதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிழமையின் கடைசி நாள். வழக்கம்போல் குதித்தோம், வழக்கம்போல் வலது கையைத் தோளோடு நிறுத்தினோம். வார்டுக்கு வந்தேன். சப்பாத்து காலைக் கடித்ததால் அதைக் கழற்றிக் கதவுக்கு வெளியே வைத்தேன். மூலையில் ஒரு வெற்றுக் கட்டில் இருந்தது. இரண்டு நிமிஷம் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை வார்டுச் சிற்றூழியப் பெண் பிறகு சொன்னாள்.

நான் சரிந்து குறட்டை விடத் தொடங்கியதும் ஐந்து பேரும் எழுந்து பார்த்திருக்கிறார்கள். ட்ரையர்காரர் தன் போர்வையைக் கொண்டுவந்து எனக்குப் போர்த்தியிருக்கிறார். பிறகு, மிஸ்ஸியே படுத்துவிட்டார், இனி மரியாதைக் குறைவு இல்லை என்று அவரவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிட்டார்கள். பத்து மணிக்குச் சித்தி தலைமையில் கூட்டம் வந்தது. கதவுக்கு வெளியே என் சப்பாத்தைப் பார்த்தது. சிற்றூழியப் பெண் விரலை வாயில் வைத்து, "மிஸ்ஸி தூங்குறாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தோட்டம் கேள்விப்படாத செய்தி அது. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் செருப்பைக் கழற்றினார்கள். தோடம்பழங்களைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், காவலுக்கு.

அந்த நேரம் பார்த்துப் பதுளையிலிருந்து மேலதிகாரி அம்மா திடீர்ப் பரிசோதனைக்கு வந்து இறங்கினார். வாசலில் சித்தி அவரை மறித்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா. மிஸ்ஸி இப்பத்தான் கண்ணசந்தாங்க."

மேலதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறார். அத்தனை பேரும் விரலை வாயில் வைத்திருக்கிறார்கள். அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். யாரோ ஒரு தோடம்பழம் உரித்துக் கொடுத்தார்கள். நான் கண் விழித்து வெளியே வந்தபோது பின்னேர வெயில் சாய்ந்திருந்தது. மேலதிகாரி அம்மா வெறுங்காலோடு, மடியில் தோடம்பழத் தோலோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மெதுவாகத்தான் பேசினார்.

"நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்."

"ஆமாம் மேடம். ஆய்வு" என்றேன். வேறு என்ன சொல்வது?

கோடு என்னவோ அழகாக வந்திருந்தது. ஐந்து பேருக்கும் இறங்கிய கோடு ஏறவே இல்லை, ஹல்துமுல்லை மலையிலிருந்து மொனராகலைப் பக்கம் இறங்கிப் போன மாதிரி கீழேயே கிடந்தது. டாக்டர் அதைத் துரைக்குக் காட்டினார். துரை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, ட்ரையர்காரரை வேலையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அன்று ஆஸ்பத்திரிப் பின்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷம்தான்.

பிறகுதான் அந்த இரண்டு கடிதங்களும் வந்தன. ஆய்வு டாக்டர், தலைவர் தானே செய்து காட்டினார் என்று எழுதியதை நம்பி மேலிடம் ஒரு பக்கம் சான்றிதழ் கொடுத்தது. பரிசோதனை அம்மா எழுதியதை நம்பி இன்னொரு பக்கம் விளக்கம் கேட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் நியாயமான முடிவுக்கு வந்து, என்னைப் பதவி உயர்வோடு மொனராகலைக்கு மாற்றினார்.

சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது ட்ரையர்காரரின் மனைவி வந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். ஆய்வு முடிந்து மெஷினெல்லாம் கொழும்புக்குப் போய்விட்டது, மனுஷன் மறுபடி லயத்துக் காம்பராவில்தான் படுக்கிறார், பக்கத்துக் காம்பராவில் டி.வி., பாண் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, தண்ணீர்ப் பீலியில் சண்டை, தூக்கம் மறுபடியும் போய்விட்டது என்றாள்.

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? நாளைக்கு நான் போயிருவேனே."

"நீங்க போங்க மிஸ்ஸி. ஒங்க பழைய சப்பாத்து ஒரு சோடி இருந்தா குடுத்துட்டுப் போங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் திட்டினேன். நீ கொழுந்துக்குப் போன பிறகு உன் புருஷன் தனியாகப் படுத்திருக்கும் காம்பரா வாசலில் இன்னொரு பொம்பளை சப்பாத்து கிடந்தால் ஊர் என்ன சொல்லும், அறிவிருக்கா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும் மிஸ்ஸி நீங்க அங்க இல்லேன்னு. சிரிப்பாங்கதான்" என்றாள். "சிரிச்சா சிரிக்கட்டும். சத்தம் போடாம சிரிக்கட்டும்."

கொடுத்தேன்.

மொனராகலையில் வெயில். புது ஆஸ்பத்திரியில் எனக்குத் தனி அறை, சுழலும் நாற்காலி, கீழே நிறையப் பேர். தலைமைத்துவம் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். தூங்கியதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. குவாட்டர்ஸ் கதவை அங்கேயும் தட்டினார்கள்.

ஒரு மழைக்காலம் கழிந்து அவள் ஃபோன் எடுத்தாள். ட்ரையர்காரர் நன்றாகத் தூங்குகிறார், ஸ்டோரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சப்பாத்தில் ஒன்றை நாய் கடித்துவிட்டது என்றாள். ஒற்றைச் சப்பாத்தாகிவிட்டால் யாரும் மரியாதை கொடுக்க மாட்டார்களாம். லீவு நாளில் இன்னொரு பழைய சோடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல பகல். ஒரு சத்தமில்லை. பாண் வண்டி பாட்டை நிறுத்திவிட்டு, இஞ்சினையும் நிறுத்திவிட்டு, சரிவில் தானாக உருண்டு போனது. பீலியில் ஒரு இளம்பெண் குடத்தைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கும்படி நிறைத்துக்கொண்டிருந்தாள். புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவள் போலிருக்கிறது, என்னை அவளுக்குத் தெரியாது. என் காலடிச் சத்தம் கேட்டு விரலை வாயில் வைத்தாள்.

"மெதுவா வாங்கம்மா. அந்தக் காம்பராவுல மிஸ்ஸி தூங்குறாங்க."

ட்ரையர்காரர் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் என் சப்பாத்து இருந்தது. ஒன்று முழுசாக, ஒன்று நாய் கடித்தபடி, இரண்டும் சுத்தமாக வெள்ளையடித்து. உள்ளேயிருந்து நல்ல குறட்டை கேட்டது.

"எந்த மிஸ்ஸி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தெரியாதுங்க. நான் பார்த்ததில்ல" என்றாள். "ரொம்ப வருஷமா தூக்கமே இல்லாம வேல பார்த்தவங்களாம். பாவம், தூங்கட்டும்."

அந்த வார்த்தையை அதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவள் பார்ப்பதற்குள், குனிந்து பழைய சோடியை எடுத்துவிட்டுப் பையில் இருந்ததை அங்கே வைத்தேன். போட்டிருந்த சப்பாத்து அந்தச் சிமெந்தில் சத்தம் போடும் என்று தோன்றியது. அதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து பஸ் பாதைக்கு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மொனராகலை வரும்வரை நான் கண் திறக்கவில்லை.